லிதுவேனியாவில் எதில் சேரலாம்: கோரஸா, நடனமா, சுத்தார்த்தினேயா, கான்க்லேஸா?

வில்னியஸுக்கோ கவுனஸுக்கோ படிக்கப் போகிறவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் முதல் குளிர்காலம்தான் கடினம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். வகுப்பு, விடுதி, மறுபடி வகுப்பு என்று நாட்கள் ஓடும். அந்த நாட்டு மக்களோடு ஒரு நல்ல பேச்சுகூட இல்லாமல் இரண்டு வருடம் கழிந்துவிடக்கூடும். அப்படி ஆகாமலிருக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி, அங்குள்ள ஏதாவது ஒரு நாட்டுப்புறக் குழுவில் போய்ச் சேர்வது. பல்கலைக்கழகங்களிலும் பண்பாட்டு மையங்களிலும் குழுக்கள் நிறைய இருக்கின்றன. எந்தக் குழுவில் சேர்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் நடனத்துக்குப் போங்கள். காது பழகி, நான்கு பேர் அறிமுகமான பிறகு, பெண்கள் சுத்தார்த்தினே என்ற பழைய பல குரல் பாட்டைப் பாடும் குழுவையும் ஆண்கள் ஸ்குடுச்செய் என்ற மரக் குழாய்களை ஊதும் குழுவையும் தேடுங்கள். நோட்டேஷன் பார்த்துப் பாடத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கோரஸ். தனியாக உட்கார்ந்து வாசிக்க விரும்புகிறவர்களுக்குக் கான்க்லேஸ் என்ற நரம்பு வாத்தியம். ஏன் இந்த வரிசை என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘நாட்டுப்புறக் கலை’ என்ற பெயரில் அங்கே இரண்டு தனித்தனி உலகங்கள் இயங்குகின்றன. ஒன்று மேடைக்காக அமைத்தது. 1940இல் யோனாஸ் ஷ்வேதாஸ் தொடங்கிய ‘லியதுவா’ குழு அதன் தலைவாசல். கிராமத்துப் பாட்டைப் பல குரல்களுக்குப் பிரித்து எழுதினார்கள், வாத்தியங்களுக்கு நரம்பு கூட்டினார்கள். யுவோசாஸ் லிங்கிஸ் போன்ற நடன ஆசிரியர்கள் கிராமத்து ஆட்டங்களைப் பார்வையாளர் திசைக்குத் திருப்பி அமைத்தார்கள். சோவியத் காலம் முழுவதும் அரசு ஊக்குவித்த வடிவம் இதுதான். இரண்டாவது உலகம் அதற்கு மறுமொழியாக எழுந்தது. 1960களின் பிற்பகுதியில் இளைஞர்கள் கிராமங்களுக்குப் போய்ப் பாட்டிமார் பாடியதைப் பாடியபடியே கற்கத் தொடங்கினார்கள். வில்னியஸ் பல்கலைக்கழகத்தின் ‘ரத்திலியோ’ குழு 1968இல் உருவானது இந்தக் காற்றில்தான். சொந்த மொழியின் பழைய பாட்டைப் பாடுவதே அன்றைக்கு ஓர் அரசியல் செயல். 1988க்குப் பிறகு சுதந்திர இயக்கம் பாட்டும் கையுமாகத் தெருவுக்கு வந்தபோது அதில் நின்றவர்கள் பலர் இந்தக் குழுக்களில் வளர்ந்தவர்கள்.

இரண்டு உலகங்களிலும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் அனுபவம் அடியோடு மாறும். சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அடுத்த நிகழ்ச்சி எப்போது? வாத்தியம் வாசிப்பவர்கள் இதே அறையில் இருப்பார்களா, ஒலிப்பதிவா? முதல் கேள்விக்கு உடனே ஒரு தேதியும், இரண்டாவதற்கு ‘ஒலிப்பதிவு’ என்ற பதிலும் வந்தால் அது பெரும்பாலும் மேடைக் குழு.

இனி கோரஸ். வெளிநாட்டினர் லிதுவேனிய இசை என்றதும் முதலில் கேள்விப்படுவது ‘தைனூ ஷ்வெந்தே’ என்ற பாட்டுப் பெருவிழாவைத்தான். எஸ்தோனியாவில் 1869இலும் லாத்வியாவில் 1873இலும் இந்த விழா தொடங்கிவிட்டது. லிதுவேனியாவில் 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1864 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் லிதுவேனிய மொழியை அச்சிடுவதையே ரஷ்யப் பேரரசு தடைசெய்திருந்த நாடு அது. நாடு தழுவிய பாட்டு விழாவுக்கு அங்கே இடம் எங்கிருந்து வரும்? சுதந்திரம் வந்த பிறகு, அன்றைய தற்காலிகத் தலைநகரான கவுனஸில், ஏறத்தாழ 3000 பாடகர்களோடு முதல் விழா நடந்தது. நடன நாள் 1937இல் சேர்ந்தது. மூன்று பால்டிக் நாடுகளின் விழாக்களையும் யுனெஸ்கோ 2003இல் மனிதகுலத்தின் அரிய பண்பாட்டுச் செல்வமாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் ஏற்றியது. இப்போது வில்னியஸின் விங்கிஸ் பூங்காவில், 1960இல் கட்டிய பிறைபோல் வளைந்த மேடையில், பல்லாயிரம் பேர் ஒரே குரலாகப் பாடுகிறார்கள். 2024இல் நூற்றாண்டு கொண்டாடினார்கள்.

பார்வையாளராகப் போக வாய்ப்புக் கிடைத்தால் தவறவே விடாதீர்கள். ஜூலை 6, அரசு தினம், இரவு ஒன்பது மணிக்கு உலகெங்கும் உள்ள லிதுவேனியர்கள் தேசிய கீதம் பாடுகிறார்கள். 2009 முதல் இருந்துவரும் வழக்கம். விழாக் கூட்டத்தோடு நின்று அதைக் கேட்பது வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் சேர்ந்து பாடுவதென்றால் யோசிக்க வேண்டும். விழா நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டாண்டுப் படிப்புக்குப் போனவர் ஒத்திகை முழுவதும் பாடிவிட்டு, விழாவுக்கு முன்பே விமானம் ஏற நேரலாம். எல்லாக் கோரஸ்களும் ஒரே பாட்டுத் தொகுப்பைப் பயின்று, தேர்வில் தேறித்தான் மேடையேறுகின்றன. லிதுவேனியனில் நீண்ட வரிகளை மனப்பாடம் செய்ய வேண்டும். பாடுவதில் பெரும்பகுதி இசையமைப்பாளர்கள் எழுதிய கோரஸ் படைப்புகள். கிராமத்துக் கிணற்றடியில் பாடியது அதில் சிறுபகுதிதான். தேவாலயக் கோரஸிலோ கல்லூரிக் கோரஸிலோ பாடிப் பழகியவருக்கு இது தாய்வீடு. மற்றவர்களுக்கு முதல் வாசலாக நான் சொல்லமாட்டேன்.

நடனத்துக்கு வருவோம். மரபு நடனக் கூடுகைகளை ‘வாகரோனே’ என்பார்கள், மாலைக் கூட்டம். ஒரு கூடம், ஓரத்தில் ‘கப்பேலா’ எனப்படும் கிராமத்து வாத்தியக் குழு: பிடில், அர்மோனிகா எனும் துருத்திப்பெட்டி, பாஸெத்லே என்ற பெரிய கட்டை பிடில், ஒரு மேளம். அவர்கள் வாசிக்கத் தொடங்கியதும் இருக்கிற எல்லாரும் எழுந்துவிடுவார்கள். பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. ஜோடியோடு வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல ஆட்டங்களில் ஒவ்வொரு சுற்றிலும் ஜோடி மாறிக்கொண்டே இருக்கும், அரை மணி நேரத்தில் கூடத்தில் பாதிப் பேரின் கையைப் பிடித்துச் சுற்றியிருப்பீர்கள். புதிதாக வந்தவருக்கு ஒரு நகரத்தை அறிமுகப்படுத்த இதைவிட விரைவான வழி கிடையாது.

அடவுகள் சுலபமானவை. நடை, போல்கா, வால்ஸ் மூன்றும் காலுக்கு வந்துவிட்டால் பாதி ஆட்டங்களுக்கு அது போதும். ‘கல்வேலிஸ்’ கொல்லர் ஆட்டம். சம்மட்டி அடிப்பதுபோல் கைதட்டல் வரும், நடுவில் போல்கா. ‘க்லும்பாகோயிஸ்’ மரச்செருப்பு ஆட்டம். காலைத் தட்டி, கையைத் தட்டி, எதிரே நிற்பவரை விரலாட்டி மிரட்டிவிட்டு அவரோடேயே சுழல வேண்டும். குழந்தைகளும் ஆடுவார்கள், எழுபது வயதுக்காரர்களும் ஆடுவார்கள். லிதுவேனிய ஆட்டங்களில் ஒருவர் மட்டும் முன்னே வந்து திறமை காட்டும் இடம் அரிது. வட்டமும் வரிசையும் சேர்ந்தே நகரும். தவறான பக்கம் திரும்பினால் அடுத்தவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார்.

போல்காவையும் வால்ஸையும்விடப் பழையது ‘ரத்தேலிஸ்’. வாத்தியமே இல்லாமல், பாடிக்கொண்டே வட்டமாகப் போகும் ஆட்டம். நடுவில் ஒருவர் நிற்பார், பாட்டு சொல்கிறபடி நடிப்பார், பிறகு வட்டத்திலிருந்து வேறொருவரை இழுத்துக்கொள்வார். ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதால் மொழி தானாக நாக்கில் ஏறும். மொழி வகுப்பில் வேற்றுமை உருபுகளோடு போராடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. லிதுவேனியனில் பெயர்ச்சொல்லுக்கு ஏழு வேற்றுமை. புத்தகத்தில் பயமுறுத்தும் அதே உருபுகள் பாட்டில் வரும்போது அர்த்தத்தோடு ஒட்டிக்கொள்கின்றன.

தயங்க வைக்கும் விஷயங்களையும் சொல்ல வேண்டும். ஆணும் பெண்ணும் கைகோத்து, இடுப்பிலும் தோளிலும் கைவைத்து ஆடுவது அங்கே இயல்பு. நம் வீடுகளில் வளர்ந்த சிலருக்கு முதல் நாள் அது கூச்சமாக இருக்கும். பெண்கள் பெண்களோடு ஜோடி சேர்ந்து ஆடுவதும் அங்கே சாதாரணம் என்பதால், விரும்பாதவர் அப்படித் தொடங்கலாம். யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். மூட்டுவலி உள்ளவர்கள் போல்காவின் வேகத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, போல்காவும் வால்ஸும் கத்ரிலும் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் பரவியவை. லிதுவேனியக் கிராமங்கள் அவற்றைத் தம் சொத்தாக்கிக்கொண்டது உண்மை, ஆனாலும் அண்டை நாடுகளிலும் அவற்றின் உறவினர்களைப் பார்க்கலாம். இந்த மண்ணில் மட்டுமே கேட்கக்கூடிய ஒன்று வேண்டுமென்றால் சுத்தார்த்தினேக்குத்தான் போக வேண்டும்.

என் மனம் முழுக்க இருப்பது அங்கேதான்.

சுத்தார்த்தினே வடகிழக்கு லிதுவேனியாவின் அவுக்ஷ்டாய்தியா பகுதிக்கு உரியது. பிர்ஜாய், குபிஷ்கிஸ் பக்கத்துக் கிராமங்களின் பெண்கள் பாடியது. அறுவடையில், கல்யாணத்தில், விருந்தில் பாடினார்கள். இரண்டு முதல் ஐந்து ஸ்வரங்களுக்குள் மெட்டு அடங்கிவிடும். வியப்பு அந்த ஸ்வரங்கள் சேரும் விதத்தில் இருக்கிறது. ஒருவர் ஸ-வில் நிற்கும்போது இன்னொருவர் பக்கத்து ரி-யில் நிற்பார். இரண்டும் ஒன்றாக ஒலிக்கும், அப்படியே அடுத்த ஸ்வரங்களுக்கு நகரும், இடைவெளி மட்டும் மாறாது. முதன்முதலில் கேட்கும் காதுக்கு இது அபஸ்வரம். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு குரலும் உரசும் இடத்தில் கோயில் மணியின் ரீங்காரம்போல ஓர் அதிர்வு எழுவது தெரியும். பாடுகிறவர்கள் தேடுவது அந்த அதிர்வைத்தான். தப்பித்தவறி இருவரும் ஒரே ஸ்வரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் பாட்டு குலைந்தது.

மூன்று பேர் பாடும் வகையை எடுத்துக்கொள்வோம். பாட்டுக்கு இரண்டு பாதிகள். முதலாமவர் முதல் பாதியை முடித்து இரண்டாம் பாதிக்குப் போகும்போது இரண்டாமவர் முதல் பாதியைத் தொடங்குவார். இரண்டாமவர் அடுத்த பாதிக்குப் போகும்போது முதலாமவர் நிறுத்திவிடுவார், மூன்றாமவர் நுழைவார். எந்தக் கணத்திலும் இரண்டே குரல், ஆனால் சங்கிலி அறுவதே இல்லை. இரண்டு பாதிகளின் ஸ்வரங்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் உரசும்படி அமைந்திருப்பதால் அந்த அதிர்வு முதலிலிருந்து கடைசி வரை நிற்கும். நான்கு பேர் இரண்டு ஜோடியாகப் பிரிந்து மாறி மாறிப் பாடும் வகையும் உண்டு, இருவர் மட்டும் பாடுவதும் உண்டு. பாடும் முறைகள் மொத்தம் சுமார் நாற்பது என்கிறார்கள். பல சுத்தார்த்தினேகளை நடந்துகொண்டே, ஜோடிகள் எதிரெதிரே வந்து கடந்துகொண்டே பாடுவார்கள்.

கதை சொல்லும் வரிகளைப் பாடுவது ஒருவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ‘சதூத்தோ’, ‘தூத்தோ’, ‘லில்யோ’ போன்ற பல்லவி ஒலிகள்தான். மொழி தெரியாதவரும் முதல் வாரத்திலேயே பாட்டுக்குள் நிற்க முடிவது இதனால்தான். குரல் வளம்கூட முக்கியமில்லை. நேராக, நடுக்கமில்லாமல், அலங்காரமில்லாமல் ஒரு ஸ்வரத்தில் நிற்கத் தெரிந்தால் போதும். இதில்தான் கர்நாடக இசை பயின்றவர்களுக்குச் சோதனை. தம்புரா கிடையாது. ஆதார சுருதியைத் தேடிப் போகும் காதை அடக்க வேண்டும். கமகத்தை முழுக்க மறக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் ரி பாடும்போது அசையாமல் ஸ-வில் நிற்பது எவ்வளவு கடினம் என்பது பாடிப் பார்த்தால்தான் தெரியும். பாட்டே பயிலாதவர்கள் சில சமயம் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

கிராமங்களில் இந்த மரபு 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அற்றுப்போயிற்று. அதோடு முடிந்துபோகாமல் காத்தவர்கள் சேகரிப்பாளர்கள். அடோல்ஃபாஸ் சபால்யாவுஸ்காஸ் என்ற பாதிரியார் அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திரட்டினார். ஜெனோனாஸ் ஸ்லாவியூனாஸ் 1958–59இல் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். அந்த ஏடுகளிலிருந்தும் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்தும்தான் நகரத்துப் பெண்கள் மறுபடி பாடத் தொடங்கினார்கள். இசை ஆய்வாளர் தைவா ராச்சியூனைதே-வீச்சினியனே வழிநடத்தும் ‘த்ரீஸ் கெதூரியோஸெ’ குழுவின் பதிவுகளை இங்கிருந்தே கேட்டுப் பாருங்கள். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்தப் பாட்டு. இவ்வளவு சிறிய வட்டாரத்தின் சொத்து இன்று உலகமெங்கும் கேட்கப்படுவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அப்படியானால் முதலிலேயே இதில் சேர்ந்தால் என்ன? சேரலாம்தான். ஆனால் குழு மிகச் சிறியது. மூன்று நான்கு பேரில் ஒருவர் வராவிட்டால் அன்றைக்குப் பாட்டே இல்லை. தேர்வு வாரத்தில் காணாமல் போகிறவரால் மற்ற மூவருக்கும் இழப்பு. ஒருவரையொருவர் நன்றாக அறிந்து, மூச்சு எங்கே வாங்குவார் என்பதுவரை தெரிந்த கூட்டத்தில்தான் இது ஒலிக்கிறது. ஊருக்கு வந்த புதிதில் அந்த நெருக்கத்தைக் கேட்டுப் பெற முடியாது. நடனக் கூடத்தில் அது இயல்பாக அமையும். சுத்தார்த்தினே பாடுகிறவர்களில் பலர் வாகரோனேக்களிலும் வந்து ஆடுகிறவர்கள், அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

ஆண்களுக்கு வேறு கணக்கு. மரபுப்படி சுத்தார்த்தினே பெண்களின் பாட்டு. ஆண்கள் அதே இசையை வாத்தியத்தில் வாசித்தார்கள்; மரக் கொம்புகள், ஆள் உயரத்தையும் தாண்டும் நீண்ட ஊதுகுழல்கள், ஐந்து நரம்புக் கான்க்லேஸ், ஸ்குடுச்செய். இதில் ஸ்குடுச்செய் புதியவருக்கு மிக ஏற்றது. ஒருமுனை மூடிய சிறு மரக் குழாய்கள், ஒன்றோடொன்று கட்டாதவை. ஒவ்வொருவர் கையிலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த ஒரு ஸ்வரத்தைச் சரியான தாள இடத்தில் ஊதினால், நால்வரோ ஐவரோ ஊதும் துண்டுகள் சேர்ந்து முழு இசையாகிவிடும். வீட்டில் தனியாகச் சாதகம் செய்ய இதில் ஒன்றுமில்லை. கூடினால்தான் இசை. தாளக் கணக்கில் ஊறியவர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போகும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கான்க்லேஸ் பற்றிச் சுருக்கமாக. மடியிலோ மேசையிலோ வைத்து மீட்டும் நரம்பு வாத்தியம். ஃபின்லாந்தின் கந்தெலே, எஸ்தோனியாவின் கன்னெல், லாத்வியாவின் குவக்லே எல்லாம் இதன் உடன்பிறப்புகள். உடலை ஒரே மரத்துண்டில் குடைந்து, மேலே பலகை ஒட்டிச் செய்வது பழைய முறை. வடகிழக்கில் ஐந்து நரம்பு, மற்ற பகுதிகளில் ஒன்பது, பத்து, பன்னிரண்டு. மேடைக்காக வளர்ந்த கச்சேரிக் கான்க்லேஸுக்கு 29 நரம்பு. இசைப்பள்ளிகளில் வருடக்கணக்கில் பயில்கிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். படிப்புக்கு வந்தவர் கச்சேரிக் கான்க்லேஸில் இறங்கினால் பாதியில் விட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார். ஐந்து நரம்பு வாத்தியத்தில் நாலைந்து பழைய மெட்டுகளைச் சில மாதங்களில் வாசித்துவிடலாம், ஊருக்கும் கையோடு கொண்டுவரலாம். மெல்லிய ஒலி, விடுதிச் சுவர் தாண்டாது. துணை தேடிப் போகிறவருக்கு மட்டும் இது தீர்வாகாது, இதோடு உட்கார்ந்திருக்கப் போவது நீங்கள் ஒருவர்தான்.

தெற்கே காடு சூழ்ந்த ட்சூக்கியா பகுதியின் ஒற்றைக் குரல் பாட்டுகளை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அவை எனக்கு உயிரானவை. ஆனால் ஒவ்வொரு சொல்லின் பாரமும் தெரிந்தால்தான் அவற்றைப் பாட முடியும். மொழி கைவந்த பிறகு தேடிப் போக வேண்டியவை. லிதுவேனிய மெட்டுகளின் ஆழம் வெளியுலகுக்கு எப்போதோ எட்டிவிட்டது. 1913இல் பாரிஸில் கூச்சலைக் கிளப்பிய, ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ பாலே இசை, ஒரு பசூன் குழலின் தனிக் குரலில் தொடங்கும். அந்த மெட்டு, அந்தானாஸ் யுஷ்கா என்ற லிதுவேனியப் பாதிரியார் 19ஆம் நூற்றாண்டில் திரட்டிய நாட்டுப்புறப் பாட்டு மெட்டுகளிலிருந்து எடுத்தது.

ஒரு வாரச் சுற்றுலாவாக மட்டும் போகிறவர்களுக்குக் கேள்வி எளிது. மே மாதக் கடைசியில் போங்கள். 1975 முதல் வில்னியஸில் நடந்துவரும் ‘ஸ்காம்பா ஸ்காம்பா கான்க்லெய்’ விழாவின்போது பழைய நகரத்தின் முற்றங்களிலும் பூங்காக்களிலும் பாட்டும் ஆட்டமும் நடக்கும். மேலே சொன்ன அத்தனையையும் சில நாட்களில் பக்கத்தில் நின்று கேட்டுவிடலாம், இரவு ஆட்டத்தில் கலந்தும்கொள்ளலாம். அது முடியாவிட்டால் ஜூன் 23 இரவு, கெர்னவே ஊரின் பழங்கோட்டை மேடுகளில் நடக்கும் ராஸோஸ் என்ற நடுக்கோடை விழா. பூமாலை, தீ, விடியும்வரை பாட்டு. மறுநாள் அரசு விடுமுறை. பெருங்கூட்டம் கூடும், தனிப் பயிற்சியெல்லாம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ரத்தேலிஸ் வட்டம் உங்களுக்காகக் கையை நீட்டும்.

தங்கியிருக்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். பல குழுக்கள் புதியவர்களைச் சேர்ப்பது கல்வியாண்டு தொடங்கும் செப்டம்பரில். ‘குளிர் வரட்டும், பார்க்கலாம்’ என்று விட்டால் டிசம்பரில் குழு ஏற்கெனவே இறுகிவிட்டிருக்கும். வந்த முதல் மாதத்திலேயே பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையையும் நகரப் பண்பாட்டு மையத்தையும் பாருங்கள். நடனத்துக்குப் போகும்போது தரையில் வழுக்காத, ஆனால் சுழல விடும் தோல் அடிச் செருப்பு ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். பனிக்காலச் சப்பாத்தோடு போல்கா ஆட முடியாது. தண்ணீரும் மாற்றுச் சட்டையும் கட்டாயம். வெளியே மைனஸ் பத்து டிகிரி இருந்தாலும் உள்ளே வேர்த்துக் கொட்டும்.